வண்டியில் இருந்தவர்களுக்கு ஓட்டு இல்லை

திரையில் பதில்கள் வந்து நின்றன. ஒன்றை அழுத்தினால் போதும், கதை நகர்ந்துவிடும். நான் கன்ட்ரோலரை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோதும் அந்த மனிதர் என் தீர்ப்புக்காக அப்படியே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, "என்னக்கா, இன்னுமா?" என்றான்.

'டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன்' பயோவேர் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட வீடியோ கேம். கற்பனை உலகம் ஒன்றில் இன்க்விசிஷன் என்ற அமைப்பின் தலைமையில் நாம் இருப்போம், முடிவுகளும் தீர்ப்புகளும் நம்முடையவை. நான் அதைப் பல வருடம் கழித்துத்தான் ஆடினேன். இவ்வளவு பழைய கேம் என்பதால் கதையின் முடிச்சை மறைக்காமல் எழுதுகிறேன். இனிமேல்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்த அந்த அதிர்ச்சி உங்களுக்கும் கிடைக்க வேண்டும்.

தீர்ப்புக்காக நின்றவர் பிளாக்வால். அவரை நான் முதலில் சந்தித்தது ஹின்டர்லேண்ட்ஸ் என்ற பகுதியில், ஓர் ஏரிக்கரை வீட்டு வாசலில். உளவு வேலையைக் கவனிக்கும் லெலியானா ஏற்கெனவே சொல்லியிருந்தார்: கிரே வார்டன்கள் என்ற வீரர்கள் எல்லோரும் காணாமல் போய்விட்டார்கள், ஒருவர் மட்டும் இந்தப் பக்கம் தென்படுகிறார் என்று. போய்ப் பார்த்தால், பெரிய தாடி வைத்த ஒருவர் நாலைந்து கிராமத்து ஆட்களுக்குக் கேடயம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். கொள்ளைக்காரர்களிடம் பறிகொடுத்ததை அவர்களே மீட்க வேண்டுமாம். பேச ஆரம்பித்த மறுகணம் எங்கிருந்தோ ஓர் அம்பு வருகிறது. அவர் கேடயத்தைத் தூக்குகிறார். அம்பு என் முகத்துக்குப் பக்கத்தில், அந்தக் கேடயத்தில் குத்தி நிற்கிறது.

அந்த ஒரு நொடியில் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சண்டை முடிந்ததும் கிராமத்து ஆட்களிடம், உங்களை நீங்களே காப்பாற்றிக்கொண்டீர்கள், வீட்டுக்குப் போங்கள் என்கிறார். பெருமையைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாத ஆள்.

வார்டன்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டார்க்ஸ்பான் எனும் பாதாளப் பிசாசுகளோடு போரிடுவதற்காகவே இருக்கும் கூட்டம் அது. சேருகிறவர்கள் ஒரு சடங்கில் அந்தப் பிசாசுகளின் ரத்தத்தைக் குடிக்க வேண்டும். பிழைத்தால் வார்டன், இல்லையென்றால் பிணம். அதனால் யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. தூக்குமேடையில் நிற்கும் கொலைகாரனைக்கூட அழைத்துப் போகலாம். ரத்தத்தில் ஏறிய விஷம் பல வருடம் கழித்து ஒரு நாள் காதுக்குள் அழைக்கத் தொடங்கும். வார்டனுக்கு முடிவு நெருங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். இந்தக் கதையில் அந்தப் பகுதி வார்டன்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அந்த அழைப்பு கேட்டு, பயத்தில் புத்தி தடுமாறிக் கிடக்கிறார்கள். பிளாக்வாலிடம் உங்களுக்குக் கேட்கிறதா என்று கேட்டேன். அதற்கெல்லாம் நான் பயப்படுவதில்லை, அதை நினைத்துக் கவலைப்பட்டால்தான் அதற்குப் பலம் கூடும் என்கிற மாதிரி ஒரு பதில். எவ்வளவு தைரியம் என்று நினைத்தேன். கேட்ட கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

எங்கள் ஸ்கைஹோல்ட் கோட்டைக்கு வந்த பிறகு எல்லோரும் நல்ல அறையாகப் பார்த்துத் தங்க, இவர் மட்டும் குதிரை லாயத்தில் இருந்துகொண்டார். குழந்தைகள் ஏறி ஆட ஒரு மரக் கிரிஃபின், அதாவது கழுகுத் தலைச் சிங்கம், செதுக்கிக்கொண்டிருப்பார். ஏழைகளுக்கு உதவினால் அவர் மனதில் என் மேல் மதிப்பு கூடும், ஈவிரக்கமில்லாமல் நடந்தால் குறையும். நான் எடுத்த பாதி முடிவுகளை அவர் முகம் பார்த்துத்தான் எடுத்தேன். வேரிக் என்ற தோழர் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் வைப்பார். இவருக்கு வைத்தது 'ஹீரோ'.

அப்புறம் ஒரு நாள் மதுக்கடையில் என்னை உட்காரவைத்து ஒரு கதை சொல்கிறார். அவர் சிறுவனாக இருந்தபோது தெருவில் ஒரு நாய். வேறு பையன்கள் சிலர் அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அவர் பார்க்கிறார். கத்தியிருக்கலாம், ஆள் கூப்பிட்டிருக்கலாம். அவர் செய்தது, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதுதான். அவ்வளவுதான் கதை. நான் அதைக் குடிபோதையில் வந்த பழைய வருத்தம் என்று நினைத்து ஆறுதலாக ஒரு பதிலை அழுத்தினேன். மறுநாள் லாயத்துக்குப் போனால் ஆள் இல்லை.

தேடிக்கொண்டு ஆர்லே நாட்டுத் தலைநகர் வால் ரோயோவுக்குப் போனேன். மழை. தூக்குமேடையில் சிரில் மோர்னே என்ற ஒரு சிப்பாய். ஜெனரல் வின்சென்ட் கல்லியே, அவர் மனைவி, நான்கு குழந்தைகள், வேலையாட்கள் என எல்லோரையும் கொன்ற குற்றத்துக்காகத் தூக்கு. கயிறு மாட்டியாகிவிட்டது. அப்போது கூட்டத்திலிருந்து பிளாக்வாலின் குரல். இவன் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த சிப்பாய், சாக வேண்டியவன் இவனில்லை என்கிறார். உத்தரவு போட்டவன் எங்கே என்கிறார் அதிகாரி. இவர் மேடை ஏறி நின்று சொல்கிறார்: நான் பிளாக்வால் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. அந்த வார்டன் செத்து வருடங்கள் ஆகிவிட்டன. என் பெயர் தாம் ரெய்னியர்.

தம்பி படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

நடந்தது இதுதான். ரெய்னியர் ஆர்லே படையில் கேப்டன். தங்கம் வாங்கிக்கொண்டு கல்லியேயைக் கொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். தன் ஆட்களிடம் இது நாட்டுக்கான வேலை என்று பொய் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர்கள் தாக்கிய கல்லியேயின் வண்டியில் குடும்பமே இருந்திருக்கிறது. விஷயம் வெளியே வந்ததும் அவர் ஓடிவிட்டார். மாட்டிக்கொண்டது அவருடைய ஆட்கள். தலைமறைவாகத் திரிந்தவரை உண்மையான வார்டன் பிளாக்வால் கண்டெடுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ள அழைத்துப் போகிறார். வழியில் டார்க்ஸ்பான் தாக்கியதில் அந்த நல்ல மனிதர் இறந்துபோக, இவர் அவர் பெயரை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். சடங்கில் ரத்தமே குடிக்காதவருக்கு எந்த அழைப்பு கேட்டிருக்கும்?

சிறைக்குள் போய்ப் பேசினேன். தன்னைக் கொஞ்சமும் நியாயப்படுத்தவில்லை. வெளியே படைத்தளபதி கல்லன் நின்றிருந்தார். அவருக்கு அடங்காத கோபம். தன்னை நம்பிய சிப்பாய்களுக்கு இவன் செய்த துரோகத்தைச் சகிக்க முடியவில்லை என்கிறார். ஆனால் மோர்னேயைக் காப்பாற்ற வந்து நின்றதற்குத் துணிச்சல் வேண்டும் என்பதையும் ஒத்துக்கொள்கிறார். அந்தக் கேமில் நான் கேட்ட நேர்மையான பேச்சு அது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார், ஒன்றால் இன்னொன்றைக் கழிக்கவில்லை.

விரும்பினால் அவரைச் சிறையிலேயே விட்டுவிடலாம். வெளியே கொண்டுவர ஆலோசகர்கள் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். நான் யோசிக்கவே இல்லை, கொண்டுவந்துவிட்டேன். தீர்ப்பு நாளில், தன்னை மீட்க என்ன விலை கொடுத்தாய் என்று அவரே என்மேல் கோபப்படுகிறார். அந்த இடத்தில்தான் நான் தண்ணீர் குடிக்க எழுந்தது.

உட்கார்ந்ததும் தம்பி சொன்னான், "மன்னிச்சு விட்டுருவல்ல? அவன்தான் உன் டேங்க் ஆச்சே."

அவன் கேலிக்காகச் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான், என் குழுவில் கேடயம் பிடித்து முன்னால் நின்று அடி வாங்கும் டேங்க் பிளாக்வால்தான். அறுபது மணிநேரமாக நல்ல கவசமெல்லாம் அவருக்குத்தான் செய்து போட்டிருந்தேன். அவரை இழந்தால் கசாண்ட்ரா என்ற இன்னொரு தோழியை முதலிலிருந்து தயார் செய்ய வேண்டும். என் இரக்கத்தில் எத்தனை பங்கு இரக்கம், எத்தனை பங்கு அந்தக் கவசம் என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், தம்பி 'அவன்' என்றது. ஒரு மணிநேரம் முன்புவரை அவனும் 'அவர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். ஆங்கிலத்தில் ஓடும் கேம், அங்கே இந்தச் சிக்கலே கிடையாது. நாம் தமிழில் பேசிக்கொண்டே ஆடுகிறோம், ஒவ்வொரு வாக்கியத்திலும் தீர்ப்பு வெளியே வந்துவிடுகிறது. நான் இன்னும் 'அவர்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பாவம்டா, தானா வந்து ஒத்துக்கிட்டாரு," என்றேன்.

"சரி, ஒத்துக்கிட்டான். அந்த வண்டியில இருந்தவங்களுக்கு இதுல ஓட்டு இருக்கா?"

எனக்குப் பதில் இல்லை. அந்தக் குழந்தைகளை நான் பார்த்ததே இல்லை. அவர்கள் முகம் கேமில் வருவதில்லை. கோல் என்றொரு தோழன் உண்டு, பிறர் மனதிலுள்ள வலி அவனுக்குக் கேட்கும். அவன் ஒரு சிறுபிள்ளைப் பாட்டை முணுமுணுப்பான், பிளாக்வால் அதிர்ந்துபோவார். அந்த வண்டிக்குள் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்த பாட்டு அது. அவர்கள் இந்தக் கதைக்குள் வருவது அந்தப் பாட்டாக மட்டும்தான். ரெய்னியருக்கோ தாடி இருக்கிறது, கரகரத்த குரல் இருக்கிறது, மரப்பொம்மை இருக்கிறது, என் முகத்துக்கு வந்த அம்பைத் தடுத்த கேடயம் இருக்கிறது. நான் யார் பக்கம் சாய்வேன் என்பது ஆரம்பத்திலேயே முடிவாகிவிட்டது.

இதை எழுதும்போது எங்கள் தெருவில் தீபாவளிச் சீட்டு நடத்திய ஒருவர் நினைவுக்கு வருகிறார். எல்லோரும் 'அண்ணாச்சி' என்பார்கள். ஒரு வருடம் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு கடையைப் பூட்டிவிட்டு ஓடிப்போனார். வாரா வாரம் வீட்டுக்கு வீடு வந்து பணம் வாங்கிப்போன பையன் ஒருவன் இருந்தான், அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. தெரு அவனைத்தான் பிடித்தது. அவன் சட்டை கிழிந்து வாசலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஆறேழு வருடம் கழித்து அவர் திரும்பி வந்தார். இளைத்துப்போய், தலை நரைத்து. கொஞ்சம் பேருக்குக் கொஞ்சம் பணம் திருப்பிக் கொடுத்தார், காய்கறி வண்டி தள்ளினார். பாவம், திருந்திட்டாருப்பா என்று முதலில் சொன்னவர்கள் சீட்டே போடாதவர்கள். அவர்களுக்கு அவர் உடனே மறுபடி 'அண்ணாச்சி' ஆகிவிட்டார்.

அம்மா சீட்டில் ஏழாயிரம் ரூபாய் விட்டிருந்தார். அம்மா அவரிடம் சண்டைக்கும் போகவில்லை, மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, "அந்தாளு வண்டி தள்ளுறாரு, தள்ளட்டும். காய் நல்லா இருந்தா வாங்குவேன். அதுக்கு மேல எனக்கு அந்தாளுகிட்டப் பேச்சு இல்ல" என்றார். அண்ணாச்சியும் இல்லை, அவனும் இல்லை. அந்தாளு.

அந்த வசூல் பையனிடம் அவர் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

இதே தொடரின் முதல் கேம் 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்', 2009-இல் வந்தது. அதில் லோகெய்ன். ஆர்லேயின் பிடியிலிருந்து ஃபெரல்டன் நாட்டை விடுவித்த போர்வீரர், ராணியின் தகப்பனார். டார்க்ஸ்பானுக்கு எதிரான ஆஸ்டகர் போரில் சமிக்ஞைத் தீ எரிந்த பிறகும் உதவிக்கு வராமல் தன் படையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார். மருமகனான அரசர் கெய்லன் சாகிறார், வார்டன்களின் தலைவர் டங்கன் சாகிறார். பழியையும் வார்டன்கள்மேல் போடுகிறார். போர்ச் செலவுக்காகச் சொந்தத் தலைநகரின் எல்ஃப் மக்களை அடிமை வியாபாரிகளுக்கு விற்கச் சம்மதிக்கிறார். கடைசியில் பிரபுக்களின் சபையில் தோற்று மண்டியிடும்போது, ரியார்டன் என்ற மூத்த வார்டன் ஒரு யோசனை சொல்கிறார்: கொல்ல வேண்டாம், வார்டனாக்கிவிடுங்கள்.

புத்திசாலித்தனமான யோசனைதான். டார்க்ஸ்பான் படை வந்துகொண்டிருக்கிறது, கைவசம் இருப்பதோ மூன்றே வார்டன்கள். ஆனால் பக்கத்தில் என் தோழரான வார்டன் அலிஸ்டர் நிற்கிறார். டங்கன் அவருக்குத் தகப்பன் மாதிரி. கெய்லனும் அவரும் ஒரே தகப்பன் பிள்ளைகள். அலிஸ்டர் கத்துகிறார், முடியவே முடியாது என்கிறார். அதையும் மீறி லோகெய்னை ஏற்றுக்கொண்டால் அலிஸ்டர் என்னை விட்டுப் போய்விடுவார். கேம் முழுக்க என்னோடு சிரித்துப் பேசி வந்தவர், திரும்பிப் பார்க்காமல் போவார்.

முதல் முறை ஆடியபோது நான் லோகெய்னை ஏற்கவில்லை. பிறகு அதே கேமை இன்னொரு முறை ஆடி ஏற்றுப் பார்த்தேன். கூடவே நடந்தால் அவரும் மனிதர்தான், தேசப்படங்களைக் கொடுத்தால் மகிழ்ந்துபோகும் களைத்த கிழவர். கடைசிப் போரில் பெரும் பிசாசை வெட்டுகிறவர் சாக வேண்டும் என்றபோது அதற்கும் அவர் தயாராக இருந்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனாலும் முகாமில் அலிஸ்டர் நிற்கும் இடம் காலியாகவே கிடந்தது. வலித்தவரின் சார்பாக நான் மன்னித்தேன், அதற்கான விலையை வலித்தவரே கொடுத்தார்.

ரெய்னியர் விஷயத்தில் அலிஸ்டர் மாதிரி யாரும் இல்லை. கல்லியேயின் குடும்பத்தில் யாராவது ஒருவர் அந்த மண்டபத்துக்கு வந்து நின்றிருந்தால் என் கை இவ்வளவு லேசாக அந்தப் பட்டனுக்குப் போயிருக்காது. மோர்னேயைக்கூட அன்று அங்கே அழைக்கவில்லை. அழைத்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கயிற்றைக் கழுத்தில் வாங்கியவன் அவன்.

அன்று இரவு நாங்கள் ஆட்டத்தை அங்கேயே சேமித்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டோம். மறுநாள் தம்பிக்காக வேறு மாதிரி செய்து பார்த்தேன். பழைய சேமிப்புக்குப் போய் அவரைச் சிறையிலேயே விட்டேன். கேம் ஓடியது. லாயத்துக்குப் போய்ப் பார்த்தேன், அவர் இல்லை. தம்பி ஒன்றும் பேசவில்லை. எனக்கு அது நீதியாகத் தோன்றவில்லை, கதவைச் சாத்திக்கொண்ட மாதிரிதான் இருந்தது. அவர் சிறையில் இருப்பதால் மோர்னேக்கு என்ன வந்தது? கல்லியே வீட்டுக்கு என்ன வந்தது?

திரும்பத் தீர்ப்பு நாளின் சேமிப்புக்கு வந்தேன். போர் முடிந்ததும் உண்மையான வார்டன்களிடம் ஒப்படைப்பது ஒரு வழி. அது மோசமான வழியில்லை, பொய்யாகப் போட்டிருந்த உடையை நிஜமாகப் போட வைக்கிறது. ஆனால் வார்டனானால் பழைய கணக்கு அழிந்துவிடும். மறுபடியும் வேறு ஒரு பெயருக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளலாம். நான் விடுதலையைத் தேர்ந்தெடுத்தேன். அவ்வளவு சுலபமா என்று அவர் கேட்கிறார். சுலபமில்லை, நீ யாரோ அந்த ஆளாகவே இருந்து பரிகாரம் செய் என்கிறார் என் பாத்திரம். அந்த ஆளை எனக்கே சரியாகத் தெரியாது என்று தடுமாறிவிட்டுத் தன் வாளை இன்க்விசிஷனுக்குத் தருகிறார்.

என் மனதில் இருந்தது மன்னிப்பு இல்லை. அதைக் கொடுக்கும் உரிமை என்னிடம் இல்லை, அவரிடம் ஏமாந்த தோழி என்ற அளவில் என் பங்கை மட்டும் நான் பொறுத்துக்கொள்ளலாம். என்னிடம் சொன்ன பெயரில் இருந்த பொய், என்னிடம் தட்டிக்கழித்த அந்தக் கேள்வி, அவ்வளவுதான் என் கணக்கு. மீதிக் கணக்கு அந்த வண்டிக்குச் சொந்தம். ஆனால் வேலை கொடுக்க எனக்கு உரிமை உண்டு, கேடயம் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது, அவருக்கு அது தெரியும்.

பிறகு அவரிடம் இனி உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று கேட்கலாம். பிளாக்வால் என்றே இருக்கட்டும் என்கிறார். அதைப் பெயராக நினைக்காதே, ஒரு பட்டம் மாதிரி வைத்துக்கொள், நான் எப்படி இருக்க வேண்டும் என்பதை அது நினைவூட்டும் என்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பெயர் செத்துப்போன ஒரு நல்ல மனிதருடையது, யாரும் இவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. நான் எங்கள் வீட்டில் ரெய்னியர் என்றே சொல்ல ஆரம்பித்தேன். திரையில் பிளாக்வால் என்றே போட்டுக்கொண்டிருந்தார்கள்.

லாயத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். முடிவுகள் எடுக்கும்போது அவர் முகத்தைப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். சண்டைக்கு மட்டும் அழைத்துப் போனேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு டிராகனோடு மாட்டிக்கொண்டோம். மந்திரக்காரர் கீழே விழுந்துவிட்டார், என் உயிர்க்கோடு சிவப்பில் துடிக்கிறது, மருந்து தீர்ந்துவிட்டது. தம்பி சோபா நுனிக்கு வந்துவிட்டான்.

"அக்கா, அந்தாளை முன்னாடி அனுப்பு," என்றான். "அந்தாளு கேடயத்தைத் தூக்கட்டும்."